மிஷினுக்கு வைத்த பொட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் வழியிலேயே இறங்கிவிடுகிறவள் நான். வீடு செம்மண்டலத்தில். வேலை செம்மங்குப்பத்தில், ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குவது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே ரோடு சிதம்பரத்தில் என் மகன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே எனக்கு ஒரு இடம் தயாராக இருக்கிறது. வாஷிங் மெஷினுக்கும் பின்பக்கக் கதவுக்கும் நடுவில். மருமகள் அதை அளந்தே வைத்திருக்கிறாள்.

"மடக்குக் கட்டில் ஒண்ணு வாங்கிடலாம் அத்தை. பகல்ல மடக்கி ஓரமா வெச்சிடலாம்" என்றாள்.

பகலில் என்னை எங்கே மடக்கி வைப்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு இடம் காட்டியிருப்பாள்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுத ரொம்ப நேரமாகும். ஆகட்டும், எனக்கு அவசரமில்லை. வேலை எப்படி என்னைவிட்டுப் போகப் பார்த்தது, எப்படிப் போகவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் கட்சிக்காரர். பதவி ஒன்றும் கிடையாது. கொடி கட்டுவார், நாற்காலி தூக்கிப் போடுவார், தலைவர் வருகிறார் என்றால் வெயிலில் நின்று தலை சுற்றி விழுவார். நான் எப்போதும் எதிர்க்கட்சிக்குத்தான் போடுவேன். அவர் கட்சி எதுவோ அதற்கு எதிரானது எதுவோ அது. அவருக்கும் தெரியும். ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, "ஓம் ஓட்டும் எம் ஓட்டும் கழிஞ்சி போச்சி. ரெண்டு பேரும் ஊட்லயே படுத்திருக்கலாம்" என்பார். அதுதான் எங்களுக்குள் இருந்த சிரிப்பு. மற்றபடி பெரிதாக ஒன்றும் சிரித்துக்கொண்டதில்லை.

கேன்டீனில் அரசியல் பேசாமல் ஒரு வெங்காயம் உரிபடாது. பெண்களுக்கு பஸ் சும்மா விட்டது யார், மாதாமாதம் பணம் போடுவது யார், நாளைக்கு இவனே இருப்பானா வேறெவனாவது வருவானா என்று கத்தி நுனியிலேயே சண்டை போடுவார்கள். அந்தப் பேச்சில் என் ஓரகத்திதான் முன்னால் நிற்பாள். ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்சாதி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவளே நான்தான்.

"சும்மா ஏத்திக்கிட்டுப் போறான்ல, அந்த நன்றிகூட இல்லியாக்கா ஒனக்கு?" என்பாள்.

"ஏத்திக்கிட்டுப் போறானா? பொம்பளைங்களா நின்னா டிரைவருக்குக் கண்ணே தெரியறதில்ல. ஸ்டாப்பிங்கத் தாண்டிப் போயி நிறுத்துறான். ஓடற பஸ்ஸுக்கு டிக்கெட்டு இல்லன்னா என்னா, இருந்தா என்னா?" என்பேன்.

"நீ ஓடி ஏறுறதப் பாக்கத்தான் அவன் தள்ளி நிறுத்துறான்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். என் வயதுக்கு நான் ஓடுவது அவர்களுக்கு வேடிக்கை.

முன்பு கேட்டில் விரல் வைக்கிற மிஷின் இருந்தது. காய் நறுக்குகிற பெண்களுக்கு அது உதவவில்லை. கம்பெனியில் வாரம் தவறாமல் வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு. அந்தக் கறை விரலில் ஏறினால் எண்ணெய்க்கும் போகாது, புளிக்கும் போகாது. கறை பிடித்த விரலை மிஷின் விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் பையன் தலையில் அடித்துக்கொண்டு, கான்ட்ராக்டரிடம் சொல்லி மூஞ்சி பார்க்கிற மிஷின் வாங்கி மாட்டினான். அவன் ஆறடி உயரம். தன் உயரத்துக்கே மாட்டிக்கொண்டான்.

மூஞ்சியைப் பதிய வைத்த நாளில் நான் நன்றாக இருந்தேன். நெற்றியில் வட்டமாகக் குங்குமம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, தலையில் கனகாம்பரம். "கொஞ்சம் சிரிங்க ஆயா" என்றான். "சிரிக்கிறதுக்கு நீ சம்பளம் தரலியே" என்றேன். சிரிக்காத மூஞ்சிதான் பதிந்தது. அதன் பிறகு காலையில் எதிரே போய் நின்றால் உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். நாங்களும் "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவோம். ஆளைத் தெரியவில்லை என்றால் அதே குரல் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்லும். அப்படிச் சொன்னவர்களுக்கு அன்றைய நாள் கிடையாது. பதிலுக்குக் கையெழுத்து போடுகிற வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் மூஞ்சி விழவில்லை என்றால், ஆள் வேலையை விட்டுப் போய்விட்டதாக மிஷினே முடிவு பண்ணிவிடும். முன்னாலேயே லீவு எழுதி வாங்கிக்கொண்டு போனால் மட்டும்தான் விட்டுவைக்கும். மனுஷனிடம் காலில் விழலாம். இதற்குக் கால் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூஜை என்றால் நாய்ச்சங்கிலிக்குக்கூட பொட்டு உண்டு. கிரைண்டருக்கு, பிரிட்ஜுக்கு, அரிவாள்மணைக்கு, லாரிக்கு, கேட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இட வேண்டும். அங்கே இருந்த பெண்களில் மூத்த சுமங்கலி நான். தட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். ஓரகத்திக்கு அதில் வயிற்றெரிச்சல். மூஞ்சி மிஷினுக்கும் வைத்தேன். எட்டவில்லை, எக்கித்தான் வைத்தேன். மேல் பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு புள்ளி இருந்தது. பொட்டு வைக்கத்தான் அப்படி ஒரு இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்துத் தாராளமாக அப்பினேன். மறுநாள் சூப்பர்வைசர் கர்ச்சீப்பால் துடைத்து எடுத்துவிட்டானாம்.

பூஜை அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் என் வீட்டுக்காரர் போனார். விடிந்ததும் காபி குடித்தார், பேப்பரைப் பார்த்து யாரையோ திட்டினார், திட்டு முடிவதற்குள் சாய்ந்துவிட்டார்.

கட்சிக் கொடி போர்த்த வருவார்கள் என்று மகன் பிணத்தை எடுக்கவிடாமல் வைத்திருந்தான். மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைசியில் வார்டுக்காரன் ஒருத்தன் ரெயின்கோட்டோடு வந்தான். கொடி கொண்டு வரவில்லை, நனைந்துவிடுமாம். ஒரு மாலையைப் போட்டான். போகும்போது மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா பேரு ஓட்டர் லிஸ்ட்ல இருக்கட்டும் தம்பி. இப்ப எடுக்க வேணாம்" என்றான். எனக்குக் கேட்டது. உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு நாற்காலி போடாத கட்சி, செத்த பிறகு அவர் பெயரை வைத்துக்கொண்டது.

கருமாதி அன்று விடியற்காலையில் எனக்குப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து உட்கார வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். மூக்குத்தி மட்டும் திருகு இறுகிப்போய் வரவில்லை. ஒரு கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். மூக்கில் ரத்தம் வந்தது. ஓரகத்தி சுமங்கலி, அந்த இடத்தில் நிற்கக் கூடாது. ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. என் கண்ணிலும் இல்லை.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தி முடிந்ததும் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இனிமே என்னாம்மா வேல? சிதம்பரம் வந்துடு. கொழந்தயப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"ஒம் பொண்டாட்டி ஏற்கெனவே ஒரு ஆளு வெச்சிருக்காளே?"

"அவுங்கள நிறுத்திடலாம்னுதான்…"

நிறுத்தப்போகிற வேலைக்காரிக்குப் பதில் நான். அவன் கெட்டவன் இல்லை. கணக்குத் தெரிந்தவன். வேலை இருக்கிறவரைக்கும் வரமாட்டேன் என்று சொன்னேன். "வேலை போயிட்டா?" என்றான். "போனாப் பாக்கலாம்" என்றேன். அந்தச் சொல்லை அவன் பிடித்துக்கொண்டான்.

மறுநாளே வேலைக்குப் போனேன். கேட்டில் எப்போதும் நான்தான் முதலில் நிற்பேன். அது என் உரிமை. போய் மிஷின் எதிரே நின்றேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றேன். மறுபடியும் அதே குரல்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓரகத்தி குரல் எடுத்தாள். "பதியறப்ப பொட்டும் பூவுமா பாத்த மூஞ்சி. இப்ப தொடச்சி வெச்ச செவுரு மாரி இருந்தா அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"மிஷினுக்கே சகுனம் பாக்கத் தெரிஞ்சிருக்குது பாரேன்" என்றாள் இன்னொருத்தி.

"எதுக்க வந்தா நாமளே ஒதுங்குறோம். அது எங்க ஒதுங்கும், பாவம்? அதான் வேற யாரையாவது வரச் சொல்லுது" என்றாள் ஓரகத்தி.

சூப்பர்வைசர் வந்தான். "நீங்க உள்ள போங்க ஆயா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றான். உள்ளே போய் நாள் முழுக்கக் கோஸ் அரிந்தேன். நான் போன பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருத்தராக முகம் காட்டினார்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் "சிஸ்டத்துல ஆப்சென்ட்டுனுதான் வருது" என்று சொல்லி முடித்துவிட்டான்.

இரண்டாம் நாளும் அதே. அன்று சூப்பர்வைசர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினான்.

"ஆயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ஸ்டிக்கர் பொட்டு வெச்சிக்கிட்டு வாங்க. மிஷினுக்கு மட்டும்தான். உள்ள வந்ததும் எடுத்துடுங்க."

"புதுசா பதிய வையேன் தம்பி."

"அதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளு வரணும். நாளைக்கும் விழலைன்னா பேரு போயிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தாழ்ந்த குரல்தான். ஆனால் ஓரகத்தி காது மதில் தாண்டிக் கேட்கும். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மேக்கப்பு போட்டுக்கிட்டு வரச் சொல்றான் சூப்பர்வைசரு. அவனுக்கு வயசு கம்மி. இதுக்கு அவசரம் ஜாஸ்தி."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றைக்குக் காற்று ரோட்டோரக் கம்பெனிகளின் மருந்து நாற்றத்தைக் கொண்டு வந்து மூக்கில் அடைத்தது. மூக்குத்தி பிடுங்கிய இடம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகன் போன் பண்ணினான். ஓரகத்தி அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள். "வேல போயிடுமாமே? ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன். துணிமணியக் கட்டி வையி" என்றான். பின்னால் மருமகள் "கட்டில் வந்துடிச்சின்னு சொல்லுங்க" என்றது கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி எதிரே உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் பொட்டு என் வீட்டில் கிடையாது. குங்குமச் சிமிழ் அலமாரியிலேயே இருந்தது, யாரும் தூக்கிப் போடவில்லை. பதிந்த அன்று எப்படி வைத்தேனோ அப்படியே வட்டமாக வைத்தேன். பூ வைக்கவில்லை. மூக்குத்தி போடப் பார்த்தேன், புண் விடவில்லை.

பொட்டை மறைத்துக்கொண்டு போயிருக்கலாம். கேட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்படி ஒளிந்து பழக்கமில்லை. தெருவில் நடுவாக நடந்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், குனியவில்லை. பால்காரன் சைக்கிளை நிறுத்தினான். பஸ்ஸில் கண்டக்டர் மூன்று நாளைக்கு முன்னால்தான் கருமாதிக்கு வந்து சாப்பிட்டுப் போனவன். என் நெற்றியைப் பார்த்தான், சும்மா கொடுக்கிற டிக்கெட்டைக்கூடக் கிழிக்க மறந்தான்.

கேட்டில் எல்லாரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான். வழி விட்டார்கள். போய் நின்றேன்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நான் எழுத்துக் கூட்டி எழுத முடியாது. ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "புருஷன் போனதும் போச்சி, பொட்டு வெச்சும் போச்சி. இப்ப ரெண்டுங்கெட்டானா நிக்கிது பாரு. அக்கா, அந்தப் பொட்ட எடுத்துரு. மிஷினே ஒன்ன சுமங்கலின்னு ஒத்துக்கல."

சூப்பர்வைசர், "கொஞ்சம் தூண்கிட்ட நில்லுங்க ஆயா, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனான். நேரமாகிவிட்டது. அவர்கள் நான் உள்ளே போவதற்குக் காத்திருக்க முடியாது. நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். வேறு வழியில்லாமல் ஓரகத்தி மிஷின் எதிரே போனாள்.

நேராக நிற்கவில்லை. வலப் பக்கம் ஒரு எட்டு ஒதுங்கினாள். குதிகாலைத் தூக்கி நுனி விரலில் எக்கினாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி மேலே பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"தேங்க் யூ."

அடுத்தவளும் அப்படியே ஒதுங்கினாள், எக்கினாள், சாய்த்தாள். "தேங்க் யூ." அதற்கடுத்தவளும் அப்படித்தான். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. நான் வராத நாட்களில் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்த வித்தை. அத்தனை பேருக்கும் தெரியும். கூட ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தட்டில் ஊறுகாய் எடுத்துத் தின்று, ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது. அவன் உயரத்துக்கு அது எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது.

நான் போனேன். வலப் பக்கம் ஒதுங்கி, எக்கி, கழுத்தைச் சாய்த்தேன்.

"தேங்க் யூ" என்றது.

"இருக்கட்டும்மா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிறாற்போல.

எக்கி நின்ற உயரத்தில்தான் பார்த்தேன். அந்தக் கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில், இடப் பக்கமாக, பிறை மாதிரி மஞ்சளாகக் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது சந்தனம். நான் அப்பினது. கர்ச்சீப்புக்கு வராமல் இடுக்கில் இறுகிக் கிடந்தது. அது பொட்டு வைக்கிற நெற்றி இல்லை, கண். என் பொட்டு இருந்ததும் இல்லாததும் அதற்கு ஒன்றுதான். கீழே நிற்கிறவர்களை அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் வந்திருக்கும். சுரண்டவில்லை.

உள்ளே போய் அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். ஓரகத்தி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"விழுந்துடிச்சி இல்ல, இனிமே அந்தப் பொட்டு எதுக்குக்கா?" என்றாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டி. வெக்கும்போது ஒன்னயா கேட்டேன்?"

"ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு வந்து காய் நறுக்குனா அது சொல்றதக் கேக்குறேன்."

அன்றிலிருந்து பொட்டு இருக்கிறது. தெருவில் முதலில் பேசினார்கள், அப்புறம் வேறு பேச்சுக் கிடைத்துவிட்டது. மகன் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தான். பிரியாணி ஆக்கிப் போட்டு அனுப்பினேன். கட்டிலை மருமகள் துணி மடித்து வைக்கப் பயன்படுத்துகிறாளாம். நல்லது.

காலையில் இன்றைக்கும் நான்தான் முதலில் நிற்கிறேன். முகம் காட்டிவிட்டுத் தூண் ஓரமாக ஒதுங்கி நின்று மற்றவர்களைப் பார்ப்பேன். ஒவ்வொருத்தியாக வந்து, என் சந்தனத்துக்கு எதிரே நுனிக்காலில் எக்கித் தலையைச் சாய்ப்பார்கள். கோயிலில்கூட இவ்வளவு பணிவு காட்டாத ஜென்மங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தை மாதத்துக்குப் பிறகு ஓரகத்திக்கு முழங்கால் வீங்கிவிட்டது. குதிகாலைத் தூக்க முடியவில்லை. மிஷின் எதிரே தூணைப் பிடித்துக்கொண்டு எக்கப் பார்த்தாள், "அம்மா" என்று கத்திவிட்டு இறங்கினாள். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். சூப்பர்வைசரிடம் மிஷினை இறக்கி மாட்டச் சொன்னாள். "எல்லாருக்கும் விழுது, ஒங்களுக்கு மட்டும் என்னா?" என்றான். மறுநாளும் விழவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷனுக்கும் வேலை கிடையாது. அது எனக்கும் தெரியும்.

"அக்கா, நாளைக்கும் விழலன்னா பேரு போயிடும்கா. என்னாக்கா பண்றது?"

அந்தச் சந்தனத்தைச் சுரண்ட என் நகம் நீளமாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்:

"எனக்குப் பொட்டு வெச்ச அன்னிக்குத்தான விழுந்திச்சி? பொட்டு சின்னதா இருக்குதுடி ஒனக்கு. நல்லாப் பெருசா வெச்சிக்கிட்டு வந்து பாரு."

மறுநாள் வந்தாள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். நான் தூண் ஓரம் நின்றிருந்தேன். சந்தனம் அதன் இடத்திலேயே இருந்தது. அவள் மிஷின் எதிரே போய், எக்காமல், நேராக நிமிர்ந்து நின்றாள்.